கரைக்கும் கப்பலுக்கும் நடுவே

உலகமயமாதல் என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் ஒப்பந்தங்களையும் அரசுக் கொள்கைகளையும் குறிக்கவே வழங்கிவருகிறது. 1947இல் 23 நாடுகள் கையொப்பமிட்ட, காட் என்று சுருக்கி வழங்கப்படும் சுங்கவரி மற்றும் வணிகப் பொது உடன்பாடு, 1991இல் இந்தியா மேற்கொண்ட பொருளாதாரச் சீர்திருத்தங்கள், 1995இல் தோன்றிய உலக வணிக அமைப்பு ஆகியவற்றைக் கொண்டே அதன் வரலாறு பாடநூல்களில் சொல்லப்படுகிறது. இவற்றின் முக்கியத்துவத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் சுங்கவரி குறைந்துவிட்டது என்பதற்காக ஒரு நாட்டில் விளைந்த பொருள் இன்னொரு நாட்டின் கடைத்தெருவைத் தானாகச் சென்றடைவதில்லை. அதைக் கட்டி, ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றிக் கொண்டுசேர்க்கும் செலவு அதன் விலையையே விழுங்கிவிடுமானால், வரியே இல்லாத உலகிலும் அது விளைந்த இடத்தைவிட்டு நகராது. இந்தச் செலவு எங்கே பதுங்கியிருந்தது, எப்போது, யாரால், எந்த வழியில் குறைக்கப்பட்டது என்பதை விளக்கும் வரலாறு ஓர் உலோகப் பெட்டியின் வரலாறாக அமைந்திருக்கிறது. துறைமுகத்தில் கன்டெய்னர் என்றும், எழுத்துத் தமிழில் சரக்குப் பெட்டகம் என்றும் வழங்கும் அந்தப் பெட்டி 1956 முதல் உலக வணிகத்தில் உண்டாக்கிய மாற்றம், எந்த ஒரு வணிக உடன்பாடு உண்டாக்கிய மாற்றத்துக்கும் குறைந்ததன்று.

தொலைதூரக் கடல் வணிகம் தமிழகத்துக்கும் சேர நாட்டுக்கும் மிகப் பழையது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரஸ் என்னும் ஆவணம், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நாணல் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தம். அதன் ஒரு பக்கத்தில், சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து செங்கடல் துறைமுகம் ஒன்றுக்கு வந்துசேரும் சரக்கு பின்னர் எவ்வெவ்வாறு கைமாற வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலோடு பாலைவனத்தைக் கடத்தி, நைல் ஆற்றங்கரையிலுள்ள காப்டோஸ் நகரின் அரசுக் கிடங்கில் முத்திரையிட்டு வைத்து, அங்கிருந்து படகேற்றி அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பி, அங்கும் கிடங்கில் முத்திரையோடு வைத்து, நான்கில் ஒரு பங்கை அரசுக்கு வரியாகச் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இத்தனை கைகள் மாறி, இத்தனை கூலியும் வரியும் கொடுத்த பின்னும் ஆதாயம் தரக்கூடிய சரக்கு எதுவாக இருக்க முடியும் என்பதை அதே தாளின் மறுபக்கம் காட்டுகிறது: ஹெர்மப்போலன் என்ற கப்பலில் வந்த கங்கைப் பகுதிச் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும் துணிகளும் அங்கே கணக்கிடப்பட்டிருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளுக்குச் சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை வருணிப்பதும் இதே காலத்து வணிக முறையின் ஒரு கூறே. பொதியை எண்ணுவதும் முத்திரையிடுவதும் காவல் காப்பதும், எடை குறைந்து விலை மிகுந்த பொருள்களுக்கே கட்டுப்படியாகும் வேலைகள். அதனால் முத்தும் மிளகும் பட்டும் கடல் கடந்தன. உழவன் வீட்டுத் தவிடும் நாரும் கடக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களும் 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயும் கடற்பயணத்தைச் சுருக்கின; பயணக் கூலி இறங்கியது; தானியமும் பருத்தியும் தேயிலையும் பெருமளவில் கடல் கடக்கத் தொடங்கின. வரலாற்றாசிரியர்கள் 1870 முதல் 1914 வரையான காலத்தை உலகமயமாதலின் முதல் அலை என்று குறிப்பிடுவது இதனால்தான். ஆனால் கடல் நடுவே இயந்திரம் புகுந்த அந்த நூற்றாண்டில், கரைக்கும் கப்பலுக்கும் நடுவிலான சிறு தொலைவு மனிதத் தோளின் பொறுப்பிலேயே விடப்பட்டது. சென்னைக் கடற்கரை இதற்குத் தக்க சான்று. அங்கே கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தன. அலை புரட்டிய படகோடு மூழ்கிய சரக்கின் நட்டத்தையும் அந்தக் காலத்து வணிகர்கள் தங்கள் கணக்கில் சேர்த்தே வைத்திருந்தனர். 1861இல் இரும்புப் பாலத்துறை ஒன்று கட்டப்பட்டது. பின்னர் எழுப்பிய துறைமுகச் சுவர்கள் 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டன. தூத்துக்குடியிலோ கரையோரக் கடல் ஆழமற்றது என்பதால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நிற்க, தோணிகள் அவற்றுக்கும் கரைக்கும் இடையே பொதிகளைச் சுமந்தன. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் காலம்வரை அந்நகரத்தின் வணிகம் பெரிதும் தோணித் தொழிலாளரின் கையில் இருந்தது.

கப்பல் கரையோடு அணையும் பெருநகரத் துறைமுகங்களிலும் நிலைமை அடிப்படையில் வேறன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நியூயார்க், லண்டன், பம்பாய் என்று எங்கும் சரக்கு உதிரிச் சரக்காகவே, அதாவது மூட்டை, பீப்பாய், சிப்பம், கள்ளிப்பெட்டி, உருளை என்று தனித்தனிப் பொருளாகவே வந்தது. ஒவ்வொன்றையும் லாரியிலிருந்து இறக்கி, கிடங்கில் அடுக்கி, மீண்டும் எடுத்துக் கப்பலோரம் கொண்டுவந்து, வலையிலோ பலகையிலோ கட்டித் தூக்கி, கப்பலின் அடிவயிற்றில் நிற்கும் ஆட்கள் கைக்கொக்கியால் இழுத்து, பயணத்தில் சரியாதபடி இண்டு இடுக்கு பார்த்து அடுக்க வேண்டும். அனுபவமும் உடல்வலிமையும் வேண்டிய இந்த வேலையில் எலும்பு முறிவும் உயிரிழப்பும் வழக்கமாக இருந்தன. சிந்துவதும் நனைவதும் திருட்டுப்போவதும் வணிகத்தின் இயல்பாகவே ஏற்கப்பட்டிருந்தன.

இந்த முறையின் உண்மைச் செலவு என்ன என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஒரு கப்பலைப் பின்தொடர்ந்து கணக்கிட்டுக் காட்டினர். 1954இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குச் சென்ற வாரியர் என்னும் கப்பலில் ஏறக்குறைய 5,000 டன் சரக்கு இருந்தது. அது 1,94,582 தனித்தனிப் பொருள்களாக, 151 ஊர்களிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. ஏற்றுவதற்கு ஆறு நாள், இறக்குவதற்கு நான்கு நாள், அட்லான்டிக் கடலைக் கடப்பதற்குப் பத்தரை நாள் ஆயின. முதல் பொருள் அதன் ஊரிலிருந்து புறப்பட்ட நாளுக்கும் கடைசிப் பொருள் ஐரோப்பாவில் உரியவரை அடைந்த நாளுக்கும் இடையே 95 நாள் கழிந்திருந்தன. செலவுக் கணக்கோ இன்னும் தெளிவானது: மொத்தம் 2,37,577 டாலரில் கடற்பயணத்துக்கு ஆனது 11.5 விழுக்காடு மட்டுமே. இரு துறைமுகங்களிலும் சரக்கைக் கையாண்டதற்கு ஆனது 36.8 விழுக்காடு. சரக்கு சரியாமல் இருப்பதற்காக வாங்கிய மரத்துக்கும் கயிற்றுக்கும் மட்டுமே 5,000 டாலருக்கு மேல் ஆகியிருந்தது. கடலைக் கடப்பதைவிடக் கரையைக் கடப்பதே செலவு மிக்கது என்று துறைமுகத்தில் வேலை பார்த்த எவரும் அனுபவத்தால் அறிந்திருந்த உண்மை, இந்த ஆய்வால் எண்ணாக மாறியது.

இந்தச் செலவைக் குறைப்பதற்கான விடை கப்பல் தொழிலுக்குள்ளிருந்து வரவில்லை. வட கரோலினா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 1930களில் ஒற்றை லாரியோடு தொழில் தொடங்கி, 1950களின் நடுவில் அமெரிக்காவின் பெரிய லாரி நிறுவனங்களுள் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த மால்கம் மெக்லீன் என்பவரே அதைக் கொணர்ந்தார். கடற்கரை நெடுஞ்சாலைகளின் நெரிசலைத் தவிர்க்க லாரிகளின் பின்வண்டிகளை அப்படியே கப்பலேற்றுவது அவருடைய முதல் எண்ணம். சக்கரங்கள் கப்பலில் வீணாக இடம் பிடிக்கும் என்பது தெரிந்ததும், வண்டியின் உடற்பகுதியை மட்டும் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முடிவுக்கு வந்தார். சரக்கைப் பெட்டியில் வைத்து அனுப்புவது அதற்கு முன்பும் ரயில்வே நிறுவனங்களும் கப்பல் நிறுவனங்களும் முயன்ற வழக்கம்தான். அவர்களிடமிருந்து மெக்லீன் வேறுபட்டது, கப்பல் நிறுவனத்தின் தொழில் கப்பல் ஓட்டுவதன்று, சரக்கை ஒருவர் வாசலிலிருந்து இன்னொருவர் வாசலுக்குச் சேர்ப்பதே என்று கண்டு, பெட்டி, கப்பல், பளுதூக்கி, லாரி, துறைமுக முற்றம் ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்பாகத் திட்டமிட்டதில்தான். லாரி நிறுவனமும் கப்பல் நிறுவனமும் ஒருவர் கையில் இருப்பதை அந்நாட்டு விதிகள் அனுமதிக்காததால், தாம் வளர்த்த லாரி நிறுவனத்தையே அவர் கைவிட்டார்.

1956 ஏப்ரல் 26ஆம் நாள், இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் கப்பலான ஐடியல் எக்ஸ், மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டிகளோடு நியூஜெர்சியின் நியூவர்க்கிலிருந்து டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 5.83 டாலர் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் கப்பலில் ஏற்றச் செலவு டன்னுக்கு 16 சென்டைத் தாண்டவில்லை. முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே ஒரு செலவு விழுவது எந்தத் தொழிலிலும் அடிக்கடி நடப்பதன்று.

ஆயினும் ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் கப்பலில் பொருந்தாதவரை அந்த ஆதாயம் உலகுக்குப் பயன்பட்டிருக்காது. மெக்லீனின் முதல் பெட்டிகள் 33 அடி, பின்னர் வந்தவை 35 அடி. ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பல் விட்ட மாட்சன் நிறுவனம் தன் சரக்கின் தன்மையை ஆராய்ந்து 24 அடிப் பெட்டியைத் தேர்ந்திருந்தது. ஐரோப்பிய ரயில்வேக்கள் இவற்றிலும் சிறிய பெட்டிகளைப் பயன்படுத்தின. 1961இல் பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பான ஐ.எஸ்.ஓ. இதற்கெனக் குழு அமைத்தது. பல ஆண்டு வாதங்களுக்குப் பின் 8 அடி அகலமும் 10, 20, 30, 40 அடி நீளங்களும் முடிவாகி, 1968இல் தரவரையறையாக வெளியாயின. முன்னோடி நிறுவனங்கள் இரண்டின் அளவுகளுமே அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. பெட்டியின் எட்டு மூலைகளிலும் பொருத்தப்படும் வார்ப்பெஃகுக் கூட்டையும், அதில் நுழைந்து திரும்பிப் பூட்டிக்கொள்ளும் திருகுப்பூட்டையும் மெக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் வடிவமைத்திருந்தார். பளுதூக்கி பெட்டியைப் பற்றுவதும், பெட்டி பெட்டியோடு அடுக்கில் பிணைந்து நிற்பதும், லாரியின் அடித்தளத்தோடு இறுகுவதும் இந்த மூலைகளால்தான். அந்த வடிவமைப்பின் காப்புரிமையை நிறுவனம் விட்டுக்கொடுத்ததால் பொதுத்தரம் ஒன்று உருவாக வழி பிறந்தது. இன்று துறைமுகங்களின் கொள்ளளவைக் குறிக்கும் டி.இ.யு. என்னும் அலகு, 20 அடிப் பெட்டி ஒன்றைக் குறிப்பது. உலகமயமாதலைப் போட்டியின் கதையாக மட்டுமே காண்போர், ஒருவரையொருவர் வெல்ல முயன்ற நிறுவனங்களும் நாடுகளும் மேசையைச் சுற்றி அமர்ந்து அடி, அங்குலக் கணக்கில் உடன்பட்ட இந்த ஆண்டுகளைக் காணத் தவறுகின்றனர்.

பெட்டகத்தை ஆசியாவுக்குக் கொண்டுவந்தது ஒரு போர் என்பதையும் மறைப்பதற்கில்லை. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைக்கு அனுப்பிய பொருள்கள் அந்நாட்டுத் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தபோது, மெக்லீனின் சீலேண்ட் நிறுவனம் 1967 முதல் காம்ரான் விரிகுடாவுக்குப் பெட்டகங்களில் சரக்கு சேர்த்தது. திரும்பும் கப்பல்கள் வெறும் பெட்டிகளோடு செல்ல வேண்டியிருந்ததால், வழியில் ஜப்பானில் நின்று ஏற்றுமதிச் சரக்கை ஏற்றிக்கொள்ளலாயின. அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற மின்னணுப் பொருள்கள், ஆசிய நாடுகள் தொழில்மயமான பாதையின் தொடக்கத்தைக் குறிக்கின்றன. பிரித்தானியப் படைத்தளங்கள் மூடப்படுவதால் பல்லாயிரம் வேலைகள் பறிபோகும் நிலையிலிருந்த சிங்கப்பூர், தன் தஞ்சோங் பகார் துறையில், சரக்கு வரும் என்ற உறுதியில்லாத காலத்திலேயே பெட்டக முனையம் கட்டியது. 1972 ஜூன் 23ஆம் நாள் நிஹான் என்ற கப்பல் 300 பெட்டகங்களோடு அங்கே வந்தணைந்தது. இயற்கை வளம் எதுவுமற்ற அந்தத் தீவு, சரக்கு கைமாறும் இடமாக இருப்பதையே தன் வளமாக்கிக்கொண்டது. சீனத் துறைமுகங்கள் பின்னர் அதனையும் கடந்தன: ஷாங்காய் 2010இல் முதலிடத்தைப் பிடித்து, 2024இல் ஓராண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட டி.இ.யு.க்களைக் கையாண்டது.

இந்தியா இந்த மாற்றத்தில் பின்தங்கியே வந்தது. முதல் பெட்டகக் கப்பல் 1973இல் கொச்சிக்கு வந்தது. பெட்டகங்களுக்கென்றே அமைந்த முனையம் 1983இல் சென்னையில் திறக்கப்பட்டது. உள்நாட்டு நகரங்களுக்கு ரயிலில் பெட்டகங்களைக் கொண்டுசெல்லும் கான்கார் நிறுவனம் 1988இல்தான் தோன்றியது. ஆழ்ந்த துறைகள் குறைவாக இருந்ததால் பெரிய தாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கு அரிதாகவே வந்தன. இந்தியச் சரக்கு சிறு கப்பல்களில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றப்பட்டது. கிழக்கு மேற்குக் கடற்பாதையை ஒட்டிய தன் இருப்பிடத்தை உணர்ந்து 1980களிலேயே பெட்டக முனையங்களை வளர்த்த கொழும்பு, இந்த மாற்றுச் சரக்கிலிருந்து வருவாய் ஈட்டிவந்திருக்கிறது. 2024 ஜூலையில் கேரளத்தின் விழிஞ்சத்தில் சான் பெர்னாண்டோ என்னும் தாய்க்கப்பல் அணைந்தபோதுதான், தென்முனையில் இந்தியாவுக்கென ஓர் ஆழ்கடல் மாற்றுத்துறை செயல்படத் தொடங்கியது. இத்தனை தாமதம் தவிர்க்கப்பட்டிருக்கக்கூடியது; அதன் விலையை ஏற்றுமதியாளர் ஒவ்வொருவரும் தம் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் கொடுத்துவந்தனர்.

தாமதமாக வந்த பெட்டகமும் தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் என்ன செய்தது என்பதற்குப் பொள்ளாச்சிப் பகுதியின் தென்னை நார்க் கழிவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்தபின் உதிரும் பழுப்புத் தூள் நீண்ட காலம் எவருக்கும் வேண்டாத பொருளாக, நார் ஆலைகளின் பக்கத்திலும் சாலையோரங்களிலும் குன்றுபோலக் குவிந்து கிடந்தது. எடை குறைவு, பருமன் மிகுதி, விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்னும் இந்த மூன்று தன்மைகளும் சேர்ந்த ஒரு பொருள், முசிறி வணிகர் காலத்தில் மட்டுமன்றி வாரியர் கப்பலின் காலத்திலும் கடல் கடந்திருக்க முடியாது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் அந்தத் தூள், மண்ணில்லாமல் பசுமைக்குடில்களில் பயிர் வளர்க்கும் முறைக்கு மிகவும் ஏற்றது என்பது தெரியவந்ததும், அதைக் கழுவி, உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்தி 5 கிலோ கட்டிகளாக்கிப் பெட்டகத்தில் அடைத்து அனுப்பும் தொழில் எழுந்தது. ஐரோப்பாவிலும் கொரியாவிலும் தக்காளியும் பூக்களும் வளரும் குடில்களில் பொள்ளாச்சித் தூள் இன்று மண்ணின் இடத்தில் இருக்கிறது. மசூலாப் படகைத் தைத்த அதே தென்னையின் கழிவு, படகு தேவைப்படாத காலத்தில் கடல் கடந்தது என்றே இதைச் சொல்லலாம். (இத்தொழிலில் தூளைக் கழுவிய நீர் நிலத்தடி நீரைப் பழுப்பாக்குகிறது என்ற குறை அப்பகுதி உழவர்களிடம் உண்டு, அது தீர்க்கப்பட வேண்டிய குறையே.)

குளிரூட்டிய பெட்டகம் இதே வேலையைக் கெட்டுப்போகும் பொருள்களுக்குச் செய்தது. நாமக்கல்லின் முட்டைகள் வளைகுடா நாடுகளின் காலை உணவாவதும், கடலோர மாவட்டங்களின் இறால் அமெரிக்கச் சந்தையை எட்டுவதும், பண்ணை வாசலில் மூடிய கதவு வாங்குபவரின் கிடங்கில் திறக்கும்வரை வெப்பநிலை மாறாமல் காக்கப்படுவதால்தான். பெட்டி முழுவதையும் நிரப்ப முடியாத சிறு உற்பத்தியாளருக்கும் வழி உண்டு: சரக்கு முகவர்கள் பலருடைய பொதிகளைச் சேர்த்து ஒரே பெட்டகத்தில் அனுப்புவதால், கரூரில் சில தறிகளோடு மேசைவிரிப்பு நெய்பவர் பெரிய ஆலை அனுப்பும் அதே கப்பலில் தம் சரக்கையும் அனுப்ப முடிகிறது. உலகச் சந்தை என்பது ஒரு காலத்தில் சொந்தமாகக் கப்பலும் கிடங்கும் வைத்திருந்த பெருங்குழுமங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்தச் சிறு வசதியின் பெருமை விளங்கும்.

திருப்பூரின் வளர்ச்சி இதன் விரிவான வடிவம். உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொடுத்த அவ்வூர் 1970களின் இறுதியில் ஏற்றுமதிக்குத் திரும்பி, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பின்னலாடை அனுப்பும் மையமாயிற்று. குறித்த வாரத்தில் குறித்த கடைக்குச் சரக்கு சேர வேண்டும் என்னும் ஆயத்த ஆடைத் தொழிலின் முதல் நிபந்தனையை, எப்போது ஏற்றி முடியும் என்று யாரும் சொல்ல முடியாத உதிரிச் சரக்கு முறை நிறைவேற்றியிருக்காது. தென் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இலட்சக்கணக்கானோர், அவர்களுள் பெருந்தொகையான பெண்கள், முதன்முறையாக மாதச் சம்பளத்தை அங்கே கையில் வாங்கினர். உலக வங்கியின் கணக்கில் 1990இல் உலக மக்களில் மூவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கொடிய வறுமையில் வாழ்ந்தனர். 2015 வாக்கில் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் பல உண்டு, வேளாண்மை வளர்ச்சியும் கல்வியும் அரசுகளின் நலத்திட்டங்களும் அவற்றுள் அடங்கும். ஆனால் சீனத்திலும் வியட்நாமிலும் வங்கதேசத்திலும் வயலைவிட்டு ஆலைக்குச் சென்ற குடும்பங்களின் வருமானம் பெட்டகத்தில் ஏறிய சரக்கிலிருந்தே வந்தது என்பதை எந்த நேர்மையான கணக்கும் விட்டுவிட முடியாது. உலகமயமாதலின் பயன்களுள் இதுவே தலையாயது. மலிவான சட்டையும் கைப்பேசியும் இதற்கு அடுத்துதான்.

இந்தப் பயன் எல்லாரிடமும் சிறிது சிறிதாகப் பரவியது. இழப்போ சிலர் தலையில் ஒரே நேரத்தில் இறங்கியது. லண்டனின் பழைய துறைகள் 1967இல் கிழக்கிந்தியத் துறையில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, 1981இல் ராயல் துறைகளோடு முடிந்தன. தலைமுறை தலைமுறையாகத் துறைமுக வேலையை நம்பிய தெருக்கள் வேலையற்றுப் போயின. நியூயார்க்கின் மன்ஹாட்டன் கரையிலும் அதுவே நிகழ்ந்தது. எனினும் எல்லா இடத்திலும் தொழிலாளர் ஏமாற்றப்படவில்லை. அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம், இயந்திரமயத்தைத் தடுத்து நிறுத்த முடியாது என்று உணர்ந்து, அதில் கிடைக்கும் ஆதாயத்தில் பங்கு கேட்டது. 1960இல் ஏற்பட்ட அந்த ஒப்பந்தப்படி முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை ஒரு நிதியில் செலுத்த வேண்டும்; அதிலிருந்து மூத்த தொழிலாளருக்கு முன்கூட்டிய ஓய்வூதியமும், வேலை குறைந்தாலும் குறையாத வருமான உறுதியும் வழங்கப்பட்டன; பதிவுபெற்ற தொழிலாளர் எவரையும் இயந்திரத்தின் பெயரால் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதும் ஏற்கப்பட்டது. ஒரு மாற்றத்தால் சேமிக்கப்படும் செலவில் ஒரு பகுதியை, அந்த மாற்றத்தால் இழப்போருக்கு முன்னதாகவே எடுத்துவைப்பது நடைமுறையில் இயலும் என்பதற்கு இதுவே சான்று.

அத்தகைய முன்னேற்பாடு இல்லாத இடங்களில் விளைவு கொடியதாக இருந்தது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் நாள் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் இறந்த பிறகே, மேலைநாட்டு நிறுவனங்கள் கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. திருப்பூரில் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் பல ஆண்டுகள் கலந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறி, கீழ்ப்பகுதி உழவர்கள் அணையைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலைக்கு வந்தனர். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்ட பின்னரே, கழிவுநீர் சிறிதும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை அங்கே உண்மையாக நிலைபெறத் தொடங்கியது. அந்தச் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைத் தாங்கியபடியே திருப்பூர் இன்றும் உலகச் சந்தையில் நிற்கிறது. ஆகவே அந்தச் செலவு தொழிலைக் கொன்றுவிடும் என்று முன்னர் சொல்லப்பட்டது உண்மையன்று. துறைமுகத் தொழிலாளருக்காக 1960இல் அமெரிக்கக் கரையில் எடுத்துவைக்கப்பட்டதைப் போன்ற ஒரு நிதி, முதல் ஏற்றுமதிப் பெட்டகம் திருப்பூரைவிட்டுப் புறப்பட்ட நாளிலேயே நொய்யலுக்காகவும் எடுத்துவைக்கப்பட்டிருக்க வேண்டும்.